உள் அறை: ஒருவர், ஓய்வில்

நெட்டையக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை. நான் இந்தக் கம்பெனியில் வேன் ஓட்ட வந்தபோதே அவளுக்கு அதுதான் பெயர். மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் "என்ன?" என்று திரும்புவாள். வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்தால் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும். "ஒரு சாண் நீளமா வண்டி வாங்கியிருக்கக் கூடாதா தம்பி?" என்பாள், என்னவோ என் சொந்தக் காசில் நான் வாங்கியது போல.

முதலில் அவள் டவர் ஏறிக்கொண்டிருந்தாள். செல்ஃபோன் டவர் உச்சியில் ஆன்டெனா மாட்டுகிற வேலை. "பொம்பளை எங்கேய்யா ஏறப் போறா?" என்று கீழே நின்று கேட்டவர்கள், அவள் உச்சியில் நின்று ஸ்பேனர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டார்களாம். முழங்கால் தேய்ந்த பிறகு கம்பெனி அவளைக் கீழே இறக்கி, வீடுகளில் புதுப் பலகை மாட்டும் பிரிவில் போட்டது. அன்றிலிருந்து நானும் அவளும் ஒரே வண்டி. அவள் ஏணியில் ஏறுவாள், நான் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். என் சம்பளத்தில் ஏணி பிடிக்கிற வேலை கிடையாது என்று தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் பிடிப்பேன்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. பார்வைக்குச் சுவர்க் கடிகாரம் அளவில் ஒரு வெள்ளைச் சதுரம். உள்ளே ஒன்றல்ல, வரிசை வரிசையாகப் பொத்தான் அளவு ஆன்டெனாக்கள். ஒற்றை ஆன்டெனா என்றால் அலையைக் கண்ட பக்கமெல்லாம் இறைக்கும். இத்தனை ஆன்டெனாக்கள் சேர்ந்தால் கதையே வேறு. நின்றுபோன வண்டியைத் தள்ளும்போது பார்த்திருப்பீர்கள். ஆளுக்கொரு நேரத்தில் தள்ளினால் வண்டி அசையாது, எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் தள்ளினால் உருளும். இந்தப் பொத்தான் ஆன்டெனாக்களும் அப்படி ஒத்துப்போய்த் தள்ளுகிற கூட்டம்தான். ஒன்றுக்கொன்று இம்மி முந்தி, இம்மி பிந்தி அலையை விடும். மொத்த அலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நம் கையில் இருக்கும் ஃபோனைத் தேடிப் போகும்.

போன அலை சும்மா இருக்குமா? ஆள் மேல் பட்டுத் திரும்பி வரும். திரும்பி வந்ததைக் கூட்டிக் கழித்து, அறையில் எத்தனை பேர், நிற்கிறார்களா, படுத்திருக்கிறார்களா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பது வரை பலகை சொல்லிவிடும். கேமரா கிடையாது, படம் கிடையாது. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மூச்சு விடுவதைக் கணக்கெடுக்க எவனுக்கு உரிமை? என் வீட்டில் மாட்ட மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

அக்கா சிரித்தாள். "உன் மூச்சை யாருப்பா கேட்டா? தனியா விழுந்து கிடக்கிறவங்களுக்காக இது."

மாட்டி முடித்ததும் ஒரு வேலை உண்டு. அதற்குக் 'காலி வீடு' என்று பெயர். வீட்டில் இருக்கிற எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று பலகைக்குக் காட்ட வேண்டும். அப்போது ஃபேன் ஓட வேண்டும், திரைச்சீலை ஆட வேண்டும். இதெல்லாம் ஆள் இல்லை என்று பலகை மனதில் வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் எது அசைந்தாலும் அது ஆள். ஆகவே பிற்பாடு ஃபேனுக்குக் கீழே புதிதாக ஒரு துணியைத் தொங்கவிட்டால்கூடக் காலி வீட்டை மறுபடி காட்ட வேண்டும். இந்த விஷயத்தில் அக்கா ராட்சசி. கிளம்பும்போது வாசலில் நின்று, "புதுசா எதையும் தொங்கவிடாதீங்க! தொங்கவிட்டா எனக்கு ஒரு ஃபோன் போடுங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். வீட்டுக்காரர்கள் இவளுக்குக் கிறுக்கோ என்பது போல என்னைப் பார்ப்பார்கள். நான் வானத்தைப் பார்ப்பேன்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பஸ் கண்டக்டர். அவர் போடுகிற சத்தத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் பயணி தன் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே பதறி இறங்கிவிடுவான். ஒரு நாள் டியூட்டியில் கையிலிருந்து பை நழுவியது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். உயிர் தப்பியது, ஆனால் இடது கையும் காலும் சரியாக வரவில்லை, பேச்சு குழறியது. "தனியா வெளிய விடாதீங்க. இன்னொரு தடவை வந்தா நாங்க பொறுப்பில்லை" என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா வேலைக்கு வந்தால்தான் அடுப்பு எரியும். காலையில் அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு வண்டியில் ஏறுவாள். ஏறியதிலிருந்து வீட்டுக்கு ஃபோன் அடித்துக்கொண்டே இருப்பாள். அவர் எடுக்க மாட்டார். ஊரையே அதட்டிய வாய் குழறுவதில் அவருக்கு வெட்கம். அவர் எடுக்காத ஒவ்வொரு தடவையும் இவள் முகம் வெளிறிப் போகும். தான் எங்கேயோ ஏணியில் நிற்கும்போது அவர் ஒத்தையாக விழுந்து கிடந்து போய்ச் சேர்ந்துவிடுவார் என்ற ஒரே பயம்தான் அவளுக்கு. டவர் உச்சியில் காற்று அடித்தபோதுகூடப் பயப்படாதவள்.

சோதனைக்காகக் கம்பெனி ஆட்களின் வீடுகளிலும் பலகை மாட்டலாம் என்று அறிவித்தபோது முதல் கை அவளுடையதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே மாட்டி, மாமாவையும் கூட்டிக்கொண்டு தெருவில் நின்று, முறைப்படி காலி வீட்டைக் காட்டினாள். மறுநாள் வண்டியில் ஏறியதும் ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'உள் அறை: ஒருவர். ஓய்வில். மூச்சு சீர்.'

"பாத்தியா? தூங்கறார்," என்றாள். கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். ஃபோன் அடிப்பதை விட்டாள். வண்டியில் பாட்டு முணுமுணுத்தாள், அதுவும் கட்டைக் குரலில். ஏணியின் மேல் நின்றபடி திரையை ஒரு பார்வை பார்ப்பாள். மூச்சு சீர் என்று இருக்கும். மீதித் திருகாணியை முறுக்குவாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "இன்னைக்கு நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்பாளாம். மாமா ஒரு மாதிரியாகச் சிரிப்பாராம். "பழைய சிரிப்பு தம்பி, எத்தனை காலமாச்சு!" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

நடுவில் ஒரே ஒரு தடவை ஃபோன் உளறியது. காலையில் அவள் சமையலறையில், மாமா குளியலறையில், ஆனால் வீட்டில் மூன்று பேர் என்று காட்டியதாம். "பேய்," என்றாள் அலட்சியமாக. எங்கள் தொழிலில் அது சகஜம். இரும்பு பீரோ இருந்தால் அலை அதில் பட்டுத் தெறித்து, ஒரு ஆளை இரண்டாகக் காட்டும். அந்த இல்லாத ஆளுக்குத்தான் பேய் என்று பெயர். பீரோவை நகர்த்தி வைத்தேன் என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு ஒரு நாள் பகலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரிய சாலைச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. எதிர்ப்பக்கம் மருந்துக்கடை வாசலில், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நின்றிருந்தார். நான் சும்மா பார்த்தேன். பிறகு சரியாகப் பார்த்தேன்.

"அக்கா, மாமா!"

அவள் திரும்பினாள். நன்றாகவே பார்த்தாள். இடையில் ஒரு வண்டிகூட இல்லை. அவரும் எங்கள் வேனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியை விட்டுவிட்டு வலது கையைத் தூக்கினார். ஓடும் பஸ்ஸை நிறுத்துவது போல, விரித்த கை.

அக்கா குனிந்து ஃபோனை எடுத்தாள். 'உள் அறை: ஒருவர். ஓய்வில். மூச்சு சீர்.'

"அவர் வீட்டுல தூங்கறார்ப்பா."

"அங்க நிக்கறாரேக்கா!"

"யாரோ அவர் ஜாடையில இருக்காங்க. இங்க பாரு, மூச்சுகூட வருது."

திரையைக் காட்டினாள். நானும் பார்த்தேன். மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. அதற்குள் பச்சை விழுந்தது. பின்னால் ஒருத்தன் ஹாரன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டான். வண்டியை எடுத்தேன்.

இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும், "அதெப்படி, கட்டின புருஷனையா?" என்று வாயைப் பிளக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எப்படி என்றால், எங்களுக்குச் சம்பளமே அந்தப் பலகை தப்பாகச் சொல்லாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்குத்தான். விழுந்து கிடந்தவர்களை அது காட்டிக்கொடுத்ததை இரண்டு பேரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். நாள் தவறாமல் உண்மை பேசுகிற ஒன்று, இதோ உன் புருஷன் தூங்குகிறான் என்று சொல்லும்போது, கண்தானே ஏமாந்திருக்கும்?

கொஞ்ச தூரம் வந்துவிட்டோம். எனக்கு மனசு ஒப்பவில்லை. "அந்த ஆள் இடது கையை மடக்கி நெஞ்சோட வச்சிருந்தார்க்கா," என்றேன்.

அவள் மாமாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எப்போதுமே எடுக்காதவர், அதில் ஒன்றும் தெரியவில்லை. திரையில் மூச்சு சீராக இருந்தது.

"தம்பி," என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை. "அது அவர்தான்னா, எங்க கட்டில்ல படுத்திருக்கறது யாரு?"

நியாயமாகப் பார்த்தால் வண்டியைச் சிக்னலுக்குத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பவில்லை. அவள் "வீட்டுக்குப் போ" என்றாள், நானும் வீட்டுக்குத்தான் பறந்தேன். முன்பின் தெரியாத எவனோ அந்தக் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறான் என்று இரண்டு பேருமே நம்பினோம். சாலையில் கையைத் தூக்கிய மனுஷனைவிடத் திரையில் மூச்சு விடுகிறவன்தான் எங்களுக்கு நிஜமாக இருந்தான்.

வீட்டு வாசலில் பூட்டுத் தொங்கியது. அக்கா படியிலேயே நின்றுவிட்டாள். அவள் கதவைச் சாத்திவிட்டுத்தான் வருவாள், பூட்டுவதில்லை. நான் வண்டியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்தேன். அவள் தன்னிடம் இருந்த இன்னொரு சாவியால் பூட்டைத் திறந்தாள். கதவு திறந்ததும் உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

"யாருடா உள்ளே?" என்று கத்திக்கொண்டு உள் அறைக்குள் பாய்ந்தேன். கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், பீரோவைத் திறந்தேன், கதவுக்குப் பின்னால் பார்த்தேன்.

"யாரும் இல்லைக்கா!"

"இருக்கான்." அவள் முன்னறையில் நின்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ரூம்ல ரெண்டு பேருன்னு காட்டுது. நீ ஒண்ணு. கட்டில் தலைமாட்டுல ஒண்ணு. மூச்சு விடறான்."

சத்தியமாகச் சொல்கிறேன், என் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. மெல்லத் திரும்பினேன். தலைமாட்டில், ஜன்னல் கம்பியில், ஒரு இரும்பு ஹேங்கரில் மாமாவின் கண்டக்டர் சட்டை தொங்கியது. நன்றாகத் தேய்த்து மாட்டியிருந்தது. ஃபேன் காற்றில் அது மெதுவாக முன்னால் வந்தது, பின்னால் போனது. முன்னால் வந்தது, பின்னால் போனது.

நான் அறையை விட்டு வெளியே வந்தேன். அக்கா சட்டையைப் பார்த்தாள். கதவோரம் இருந்த சுவிட்சை அணைத்தாள். ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது, சட்டையும் நின்றது. திரையில் எழுத்து மாறியது. 'உள் அறை: யாரும் இல்லை.'

"நான்தான் மாட்டினேன்," என்றாள். பலகை மாட்டின அடுத்த வாரம் அவளேதான் தோய்த்துத் தேய்த்து, சீக்கிரம் டியூட்டிக்குப் போகப் போறீங்க, கண்ணுல படற மாதிரி இருக்கட்டும் என்று அவர் தலைமாட்டில் தொங்கவிட்டிருக்கிறாள். ஊரெல்லாம் கத்துகிறவளுக்குத் தன் கை செய்தது தெரியவில்லை. புருஷன் சட்டை அவளுக்குப் புதிதாகத் தொங்குகிற பொருளாகப் படவே இல்லை. அவர் படுத்திருந்தால் சட்டையும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிப்போய் ஒருவர் என்று காட்டியிருக்கிறது. அவர் இல்லாதபோது சட்டை மட்டும் ஒருவர். இத்தனை நாளாக அவள் ஏணியில் நின்று பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த மூச்சைத்தான்.

சிக்னலுக்குத் திரும்பிப் போனோம். கம்பி ஓரத்தில் யாரும் இல்லை. மருந்துக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்தார்.

"அந்தக் கண்டக்டரையா கேக்கறீங்க? இப்பத்தான் மயங்கி விழுந்தார், வண்டி பிடிச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தினம் இந்த வழியா டெப்போவுக்கு நடந்து போறவர்தான். பாவம், விழறதுக்கு முன்னாடி ஏதோ ஒரு வேனைப் பாத்துக் கையைக் காட்டினார். அதுல இருந்தவங்க நல்லாப் பாத்தாங்க, பாத்துட்டுப் போயிட்டாங்க. என்ன ஜனங்களோ!"

"ஆமாங்க," என்றாள் அக்கா.

இரண்டாவது தடவை வந்த வாதம். உடனே கொண்டுவந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனிமேல் நடை கிடையாது. பேச்சு வரலாம், வராமலும் போகலாம். அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அவள் அழுதால் தேவலை என்று எனக்கு இருந்தது. அழவில்லை.

டெப்போவிலிருந்து டைம்கீப்பர் பார்க்க வந்தார். மாமாவின் பழைய கூட்டாளி. வார்டு வாசலில் அக்காவிடம், "நீங்க வருத்தப்படாதீங்கம்மா. எங்ககூட வந்து உக்காந்த இந்த நாளெல்லாம் ராஜா மாதிரி இருந்தார். வாயைத் தெறந்து பேசவும் ஆரம்பிச்சிட்டார்," என்றார்.

"தனியா வரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதை உங்ககிட்டச் சொல்லலையா?" என்று நான் எகிறினேன்.

"கேட்டேனே தம்பி! வீட்டுக்குத் தெரியுமான்னு கேட்டேன். எல்லாம் தெரியும், வீட்டுல ஒரு பலகை மாட்டியிருக்கா, நான் வாசப்படி தாண்டினா அவ ஃபோன்ல தெரிஞ்சிடும்னார். ஒரு தடவைகூடத் திட்டலையாம். சாயங்காலம் வந்து, நல்லாத் தூங்கினீங்களான்னு கிண்டல்தான் பண்ணுவாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

அவர் ஒளிந்து போகவே இல்லை. அவள் தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் ஒவ்வொரு நாளும் அந்த இடது காலை இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். அக்கா சுவரில் சாய்ந்தாள். டைம்கீப்பர் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோமோ என்று என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நடந்ததைக் கம்பெனியில் அவளேதான் போய்ச் சொன்னாள். ஒளிக்கவில்லை. கண்ணாடி போட்ட தலைமைப் பொறியாளர் பாதிக் கதையிலேயே பேனாவை எடுத்துவிட்டார். "ரொம்ப முக்கியமான தகவல் இது," என்றார். கெட்டவர் இல்லை, அவர் மூளை அப்படித்தான் ஓடும். ஆனாலும் அந்த மேஜையைக் கவிழ்த்துவிடலாமா என்று எனக்கு வந்தது. சட்டைக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க இப்போது பலகைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மூச்சு ஒரே தாளத்தில் வராதாம், துணி ஒரே தாளத்தில் ஆடுமாம். இதை முன்னாலேயே யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. நெட்டையக்கா இன்றைக்கும் அதே வேலைதான் பார்க்கிறாள். பகலில் மாமாவைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை வந்து தங்கியிருக்கிறாள். வண்டியில் பாட்டு இல்லை. மாட்டின வீட்டில் நன்றி சொன்னால், "அடிக்கடி நேர்ல வந்து பாருங்க," என்று மட்டும் சொல்கிறாள். அவர்களும் சரி சரி என்கிறார்கள்.

மாமாவுக்குப் பேச்சு வந்தது ஆஸ்பத்திரியில் இருந்தபோதே. அன்று நான் வார்டில்தான் இருந்தேன். மாற்றுத் துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். விழுந்ததிலிருந்து அவர் அக்காவை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவள் வலப்பக்கம் வந்தால் தலையை இடப்பக்கம் திருப்புவார். அன்று திருப்பவில்லை. அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் கரண்டியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

"என்னை... பாத்தே."

"பாத்தேன்."

"நான்னு... தெரிஞ்சுதா?"

பொய் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கண்ணில் வெயில் அடித்தது, தூரத்தில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல எத்தனை சாக்கு இருந்தது!

"தெரிஞ்சுது."

அவர் இமைக்காமல் அவளைப் பார்த்தார்.

"அப்...புறம்?"

"அப்புறம் ஃபோனைப் பாத்தேன்," என்றாள் நெட்டையக்கா.